இடது இறக்கைக் குழாயின் சூடு குறித்து

அனுப்புநர்:
எரிபொருள் நிலையப் பணியாளர்,
(உரிமம் ரத்து செய்யப்பட்ட விமானியின் மனைவி)
சிறு விமானதளக் குடியிருப்பு,
மூன்றாம் வரிசை, கடைசி வீடு.

பெறுநர்:
உயர்திரு மேல்முறையீட்டு அதிகாரி அவர்கள்,
விமானப் பாதுகாப்பு இயக்ககம்,
தலைமை அலுவலகம்.

பொருள்: மார்ச் 14 அன்று நடந்த சிறு விமான விபத்து – விமானியின் உரிமம் ரத்து – விசாரணை அறிக்கையின் 17, 23ஆம் பத்திகள் தவறானவை – இதுவரை பதிவாகாத சாட்சியம் அளித்தல் – மறுவிசாரணை கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் இயக்ககத்தின் ஆகஸ்ட் 22 தேதியிட்ட ஆணை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி விமானதளத்தில் பதினோரு ஆண்டுகளாக விமானங்களுக்கு எரிபொருள் நிரப்பும் வேலை செய்து வருகிறேன். விபத்துக்குள்ளான ஒற்றை எஞ்சின் விமானத்தை ஓட்டியவர் என் கணவர். தபாலும் மருந்தும், சில நாள் நோயாளிகளும் அந்த விமானத்தில்தான் மலைக்கு அப்பால் போய் வந்தார்கள். ஆணை வந்த நாளிலிருந்து அறுபது நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும் என்பது விதி. என் கணவர் செய்யவில்லை, செய்யப்போவதும் இல்லை. ஆகவே நான் எழுதுகிறேன்.

2. கடந்த வாரம் தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்தேன். நான்காம் எண் சாளரத்தில் இருந்த அலுவலர் என் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அவர் கையெழுத்து இல்லாம இத எடுத்துக்க முடியாதும்மா. பாதிக்கப்பட்டது நீங்க இல்லையே" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். பாதிக்கப்பட்டது நான் இல்லைதான். ஆனால் பாதிப்பை உண்டாக்கியது நான். அதற்குத் தனிப் படிவம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். படிவம் இல்லாததால் இதை மனுவாக அனுப்புகிறேன்.

3. விமானத்தைப் பற்றிய விவரங்கள் தங்களுக்குத் தெரியாதவை அல்ல. இருந்தும் அறிக்கையின் 17ஆம் பத்தியைப் படித்தபின், சிலவற்றை வரிசையாகச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று தோன்றுகிறது. விமானத்தின் இடது இறக்கைக்கு அடியில், முன்னோக்கி நீட்டிக்கொண்டு, விரல் பருமனில் ஒரு குழாய் இருக்கிறது. எதிர்க்காற்று அதற்குள் புகுந்து அழுத்தும் அழுத்தத்தை வைத்துத்தான் விமானி முன் இருக்கும் வேகமானியின் முள் நகர்கிறது. பெயர் பிட்டோ குழாய். குளிர்ந்த மேகத்துக்குள் போனால் அதன் வாயில் பனிக்கட்டி பிடிக்கும். பிடிக்காமல் இருக்கக் குழாய்க்குள்ளேயே சூடேற்றும் கம்பி ஒன்று வைத்திருக்கிறார்கள். விமானி தன் இருக்கையிலிருந்து சுவிட்ச் போட்டால் குழாய் சூடாகும்.

4. சூடாகிறதா என்று விமானிக்கு எப்படித் தெரியும்? பெரிய விமானங்களில் அதற்கென்று விளக்கு உண்டு என்கிறார்கள். எங்கள் விமானத்தில் சுவிட்ச் மட்டும்தான். சுவிட்ச் மேலே இருந்தால் சூடாகிறது என்று நம்ப வேண்டியதுதான். ஆகவே புறப்படுவதற்கு முன் அரை நிமிடம் சுவிட்சைப் போட்டு, யாராவது ஒருவர் கீழே நின்று குழாயைத் தொட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் தளத்தில் அந்த யாராவது, பதினோரு ஆண்டுகளாக நான்தான். மெக்கானிக் வாரத்துக்கு ஒரு நாள் நகரத்திலிருந்து வந்து போகிறவர். அவரை நாங்கள் ஸ்பேனர் அண்ணன் என்போம்.

5. தொட்டுப் பார்க்கும் முறையையும் சொல்கிறேன், பின்னால் தேவைப்படும். எரிபொருள் நிரப்பி முடித்து, குழாயின் மேலிருக்கும் சிவப்பு உறையைக் கழற்றி மடித்து என் சட்டைப் பையில் வைப்பேன். என் கணவர் பக்கத்து ஜன்னலைத் திறந்து, "சுடுதா?" என்று கேட்பார். நான் இரண்டு விரலால் குழாயைத் தொடுவேன். சுட்டதும் விரலை எடுத்துக் காது மடலைப் பிடித்துக்கொள்வேன். அடுப்பில் கை பட்டால் யாரும் செய்வதுதான். முதல் தடவை என்னையறியாமல் செய்தேன், அவர் சிரித்தார். அதன்பின் அதுவே எங்கள் சைகையாகிவிட்டது. நான் காதைப் பிடித்தால் குழாய் நன்றாக இருக்கிறது, அவர் போகலாம். பதினோரு ஆண்டில் ஏறத்தாழ மூவாயிரம் முறை காதைப் பிடித்திருப்பேன். புதிதாக வரும் விமானிகளிடம், "எங்க விமானத்துக்கு விளக்கெல்லாம் வேண்டாம்ப்பா, என் வீட்டுக்காரி காது போதும்" என்று அவர் சொல்வதுண்டு. பெருமையாகவே இருந்தது.

6. இனி மார்ச் மாதத்துக்கு வருகிறேன். 11, 12, 13 ஆகிய மூன்று நாட்களும் நாங்கள் விடுப்பு எடுத்துக் கடல் பார்க்கப் போவதாக இருந்தது. அதற்கு முன் இரண்டு முறை அந்தப் பயணம் தள்ளிப்போயிருந்தது. மூன்றாவது முறை பெட்டியெல்லாம் கட்டிவைத்த பிறகு, இன்னொரு விமானிக்குக் காய்ச்சல் என்று தெரிந்ததும், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், "நான் இருக்கேன், பாத்துக்கறேன்" என்று நிறுவனத்துக்குச் சொல்லிவிட்டார். அந்த மூன்று நாளும் அடைமழை. விமானமும் பறக்கவில்லை, நாங்களும் போகவில்லை. கட்டிய பெட்டி கூடத்திலேயே கிடந்தது, இருவரும் அதைத் தாண்டித் தாண்டி நடந்தோம். நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரும் வீம்புக்காரர். இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள வீட்டில் மூன்று நாள் ஒரு சொல்கூட இல்லாமல் எப்படி இருந்தோம் என்று இன்று நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. அன்று வரவில்லை.

இதை ஒரு அரசு அதிகாரிக்கு எழுதும் மனுவில் ஏன் எழுத வேண்டும் என்று தாங்கள் நினைக்கலாம். அடுத்த பத்திக்கு இது தேவை.

7. 14ஆம் தேதி காலை வானம் வெளுத்தது. மலைக்கு அப்பால் இருக்கும் ஊரில் ஒரு பிரசவத்துக்கு அவசரமாக மருந்து வேண்டும் என்று செய்தி வந்தது. மருந்துப் பெட்டியோடு செவிலியர் ஒருவர் வந்து ஏறிக்கொண்டார். எரிபொருள் நிரப்பினேன். உறையைக் கழற்றினேன். அது மூன்று நாள் மழையில் ஊறி, கையில் தண்ணீர் சொட்டியது. என் கணவர் ஜன்னலைத் திறந்து, "சுடுதா?" என்றார்.

மூன்று நாளில் அவர் என்னிடம் பேசிய முதல் சொல் அது. மன்னிப்பு இல்லை, கோபமா என்று விசாரிப்பு இல்லை, குழாய் சுடுகிறதா என்று விசாரிப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இறக்கைக்கு அடியில் போய் நின்றேன். கையை மேலே கொண்டுபோனேன். ஐயா, குழாயை நான் தொடவில்லை. தொடாமலே கையை இறக்கிக் காதைப் பிடித்தேன். அவர் முகத்தைப் பார்க்காமல் திரும்பி நடந்தேன்.

8. தொட்டிருந்தால் குழாய் சில்லென்று இருந்திருக்கும். மழைநீர் இறங்கி, சூடேற்றும் கம்பிக்கு மின்சாரம் போகும் இணைப்பு அரித்து அறுந்திருந்தது. இது தங்கள் அறிக்கையிலேயே 14ஆம் பத்தியில் இருக்கிறது. சுவிட்ச் மேல்நோக்கி, போட்டபடியே இருந்ததாகவும் அங்கேயே இருக்கிறது. போட்ட சுவிட்ச், அறுந்த கம்பி. நடுவில் இருந்திருக்க வேண்டியது என் இரண்டு விரல்.

9. கணவாயைத் தாண்டியதும் மேகம் இறங்கியிருக்கிறது. பள்ளத்தாக்கு குறுகல், திரும்ப இடமில்லை. மேகத்தைத் துளைத்து மேலே ஏறுவது ஒன்றுதான் வழி. குழாயின் வாயும், அடியில் நீர் வடியும் சிறு துளையும் சேர்ந்து பனியால் அடைத்துக்கொண்டன. அப்படி அடைத்தால் உள்ளே பழைய காற்று சிறைப்பட்டுப்போகும். விமானம் உயர உயர, வேகம் கூடுகிறது என்று முள் பொய் சொல்லும். வேகம் மிஞ்சுகிறதே என்று விமானி மூக்கைத் தூக்குவார். தூக்கினால் உண்மையான வேகம் குறையும், முள்ளோ இன்னும் ஏறும். கடைசியில் காற்று இறக்கையைத் தாங்க முடியாமல் விட்டுவிடும். விட்டது, விமானம் சரிந்து விழுந்தது. மேகத்துக்குக் கீழே வந்தபின் தரையைப் பார்த்து, கடைசி நேரத்தில் விமானத்தை நிமிர்த்தி, காய்ந்த ஆற்றுப்படுகையில் இறக்கினார். அவருக்கு இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. செவிலியருக்குக் கழுத்துப்பட்டை எலும்பு. உயிர் இருவருக்கும் மிஞ்சியது. மருந்துப் பெட்டியை அந்த ஊர்க்காரர்கள் வந்து தூக்கிக்கொண்டு நடந்தார்கள், தாயும் பிள்ளையும் நலம்.

10. தேர்ந்த விமானி முள்ளை நம்பியிருக்கக் கூடாது, குழாயில் பனி பிடித்ததைச் சந்தேகித்திருக்க வேண்டும் என்கிறது அறிக்கை. சரிதான். ஏன் சந்தேகிக்கவில்லை என்பதற்கு அறிக்கையில் பதில் இல்லை. என்னிடம் இருக்கிறது. விசாரணை நடந்தபோது செவிலியர் தொலைவில் வேறு ஊர் மருத்துவமனையில் இருந்ததால் அவரிடம் யாரும் வாக்குமூலம் வாங்கவில்லை. சென்ற மாதம் நான் போய்ப் பார்த்தேன். மேகத்துக்குள் என் கணவர் வாய்விட்டுச் சொன்னதை அப்படியே சொன்னார். எழுதியும் கொடுத்திருக்கிறார் (இணைப்பு 2). "வேகம் ஏறிக்கிட்டே போகுதே... குழாயில பனி இருக்காது, அவ தொட்டுப் பாத்துட்டா."

அவர் முள்ளை நம்பவில்லை ஐயா. என் கையை நம்பினார்.

11. 23ஆம் பத்தி, "பறப்பதற்கு முன் சூடேற்றியைச் சோதிக்க விமானி தவறினார், இதை அவரே ஒப்புக்கொண்டுள்ளார்" என்கிறது. ஒப்புக்கொண்டது உண்மை. ஒப்புக்கொண்ட விஷயம் பொய். மருத்துவமனையில் விசாரணை அலுவலர்கள் வாக்குமூலம் வாங்கியபோது நான் கதவுக்கு வெளியே பெஞ்சில் இருந்தேன். கதவு முழுக்கச் சாத்தவில்லை. கம்பி அறுந்திருந்தது, மழையில் அரித்திருக்கிறது என்று அலுவலர் சொன்னார். உள்ளே கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். பதினாறு வருடம் கூட வாழ்ந்தவரின் மௌனம் எனக்குத் தெரியாதா? பிறகு, "அன்னைக்கு நான் செக் பண்ண மறந்துட்டேன் சார். யாரையும் தொட்டுப் பாக்கச் சொல்லல" என்றார். பேனா ஓடும் சத்தம் கேட்டது.

எழுந்து உள்ளே போயிருக்க வேண்டும். போகவில்லை. பயமா, வெட்கமா, அவர் காப்பாற்றுகிறாரே என்ற சுகமா, இன்றுவரை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். இது நான் செய்த இரண்டாவது தவறு, முதலாவதைவிடப் பெரியது.

12. அதன்பின் அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் தொடவில்லை என்று கேட்கவில்லை, தொட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன், அழுதிருப்பேன், வீடு வீடாக இருந்திருக்கும். உரிமம் ரத்தான மறுவாரம், காலுக்கு வைத்தியம் பார்க்க வசதி என்று சொல்லி, பேருந்தில் மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்குப் போனார். கால் கூடி நடக்கிறார் என்று கேள்வி. திரும்பி வரவில்லை. வாரம் ஒருமுறை போன் பேசுகிறோம். "சாப்பிட்டியா?" "ம். நீங்க?" "ஆச்சு." அவ்வளவுதான். நாத்தனார் தனியாகப் போனில் கூப்பிட்டு, "மொட்டை மாடிக்கே போக மாட்டேங்கிறான். ஜன்னலுக்கு முதுகக் காட்டித்தான் ஒக்காருறான். நீங்க ரெண்டு பேரும் என்னதான் பண்ணிக்கிட்டீங்க?" என்று கேட்டார். மேகம், முள், குழாய் என்று ஏதோ சொன்னேன். அவர் கேட்டது அதையல்ல.

13. நான் அதே தளத்தில் அதே வேலையில்தான் இருக்கிறேன். காய்ச்சலில் கிடந்த அந்த இன்னொரு விமானி இப்போது பறக்கிறார், நல்ல பிள்ளை. குழாயை நான் இரண்டு விரலுக்குப் பதில் முழு உள்ளங்கையால் தொடுகிறேன். கொப்புளம் வந்தாலும் வரட்டும் என்று ஒரு மூச்சு கூடுதலாகவே வைத்திருக்கிறேன். காதைப் பிடிப்பதில்லை, "சுடுது" என்று வாயால் சொல்கிறேன். விமானம் கணவாய்ப் பக்கம் மறையும்வரை நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவேன். கடைசி வீடு ஆகையால் அந்தப் பக்கம் யாரும் வருவதில்லை. கூடத்தில் அந்தப் பெட்டி இன்னும் பிரிக்காமல்தான் இருக்கிறது. அவருடைய இரண்டு சட்டையும் என்னுடைய புடவைகளும் ஒன்றாக மடித்தபடி உள்ளே இருக்கின்றன. பிரிக்க மனம் வரவில்லை. பேசாமல் இருந்த அந்த மூன்று நாளில்கூட வீட்டில் இரண்டு பேர் இருந்தோம் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

14. 17ஆம் பத்தி பற்றித் தனியே முறையிட வேண்டும். "சிறு விமானங்கள் தெளிந்த வானில் மட்டுமே பறக்க அனுமதிக்கப்பட்டவை. ஆகவே குழாய்ச் சூடேற்றி அவற்றுக்கு இன்றியமையாதது அன்று. வேகமானி பழுதானாலும் அனுபவமுள்ள விமானி எஞ்சின் ஒலியையும் காற்றின் ஓசையையும் கொண்டு சமாளிக்கலாம்" என்கிறது அது. எழுதியவர் அனுபவமுள்ளவராகவே இருக்கலாம். என் கணவரும் அப்படித்தான். தெளிந்த நாளில் வேகமானியை அட்டையால் மூடிவிட்டு, காதாலும் கையாலும் உணர்ந்து அழகாக இறக்கிக் காட்டியிருக்கிறார், பார்த்திருக்கிறேன். ஆனால் தெளிந்த வானில் புறப்படுவது நம் கையில் இருக்கிறது, தெளிந்த வானிலேயே போய்ச் சேருவது நம் கையில் இல்லை. அனுமதிச் சீட்டைப் பார்த்து மேகம் ஒதுங்குவதில்லை. வெள்ளைக்குள் போய்விட்டால் மேலும் கீழும் தெரியாது, உடம்பே பொய் சொல்லும் என்பார் அவர். அங்கே விமானிக்கு மிச்சம் இருப்பது எதிரே உள்ள நாலைந்து முட்கள்தான். அதில் ஒன்று உண்மை சொல்லுமா பொய் சொல்லுமா என்பது, வீட்டில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் ஒரு மனைவியின் இரண்டு விரலைப் பொறுத்திருக்கலாமா?

கம்பியில் மின்சாரம் போகாவிட்டால் எரியும் ஒரு சிறு விளக்கு போதும் என்கிறார் ஸ்பேனர் அண்ணன். பொத்தான் அளவுதான் இருக்குமாம். அந்த விளக்குக்கு யார் மேலும் கோபம் வராது.

15. ஆகவே தங்களைப் பணிவுடன் வேண்டுவது:

(அ) 23ஆம் பத்தியிலிருந்து "விமானி தவறினார்" என்பதை நீக்கி, விமானி சோதிக்கக் கேட்டார் என்றும், எரிபொருள் நிலையப் பணியாளர் தொடாமலே தொட்டதாகச் சைகை காட்டினார் என்றும் பதிய வேண்டும். அதற்குரிய தண்டனை எதுவானாலும் எனக்கு வரட்டும். வேலை போனாலும் முறையிட மாட்டேன்.

(ஆ) உரிம ரத்தை நிறுத்திவைத்து மறுவிசாரணைக்கு உத்தரவிட வேண்டும். அவருக்கு வயது நாற்பத்தாறு, பார்வை பழுதில்லை. பறப்பதைத் தவிர வேறு எதையும் அவர் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

(இ) மலைத்தடத்தில் போகும் சிறு விமானம் ஒவ்வொன்றிலும் வேலை செய்யும் சூடேற்றியும், அது வேலை செய்யாவிட்டால் எரியும் விளக்கும் கட்டாயம் என்று ஆணையிட வேண்டும். 17ஆம் பத்தியைத் திரும்பப் பெற வேண்டும்.

(ஈ) இந்த மனு பற்றி என் கணவருக்குத் தெரியாது. தெரிந்தால் மறுப்பார், தான்தான் மறந்ததாக மறுபடியும் எழுதிக் கொடுப்பார். ஆகவே எங்களைத் தனித்தனியாக விசாரிக்காமல், ஒரே நாளில், ஒரே அறையில் வைத்து விசாரிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அழைப்பாணையை மட்டும் தயவுசெய்து இரண்டாக அனுப்பவும், இப்போது எங்களுக்கு இரண்டு முகவரி. அவருடையது இணைப்பு 3இல் உள்ளது.

(உ) அன்று அதிகாரிகள் என்னிடம் எதைக் கேட்பதற்கும் முன்னால், மார்ச் 14 காலை கேட்ட அந்தக் கேள்வியை என் கணவர் தம் வாயால் என்னிடம் மறுபடி ஒருமுறை கேட்க அனுமதிக்க வேண்டும். ஒரே சொல்தான், நேரம் ஆகாது. அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

இடம்: சிறு விமானதளக் குடியிருப்பு
நாள்: அக்டோபர் 9

தங்கள் அழைப்புக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
எரிபொருள் நிலையப் பணியாளர்

இணைப்புகள்:
1. ஆகஸ்ட் 22 தேதியிட்ட ஆணையின் நகல்
2. செவிலியரின் கடிதம்
3. விமானியின் தற்போதைய முகவரி
4. குழாயின் சிவப்பு உறை – ஒன்று (அன்று என் சட்டைப் பையில் இருந்தது, விசாரணை முடிந்ததும் திருப்பித் தரவும்)